தரம் 8 விஞ்ஞானக் கண்காட்சி: எரிமலை வேண்டாம், வேறு என்ன செய்யலாம்?

களுவாஞ்சிக்குடி மாமா:
எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் மகள் தரம் 8. பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வருகிறது, ஆளுக்கொரு செயற்றிட்டம் கொண்டுவர வேண்டுமாம். "மாமா, எரிமலை செய்து தாங்க" என்று வந்து நிற்கிறாள். போன முறை மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தேன், திரும்பிய பக்கமெல்லாம் எரிமலைதான். சிவப்புப் பெயின்ற் அடித்த ரெஜிபோம், உள்ளே அப்பச்சோடா, மேலே வினாகிரி, நுரை வழிந்ததும் கைதட்டு. நடுவர் ஒரு பிள்ளையிடம் "ஏன் மகள் நுரைக்குது?" என்று கேட்க, "மிஸ் சொன்னாங்க" என்றது பிள்ளை.

கடையில் செய்து விற்கிற மாதிரிகள் வேண்டாம். வீட்டில் கிடைக்கிற சாமானை வைத்து அவளே செய்து, கேட்டால் அவளே பதில் சொல்லக்கூடிய ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நான் வணிகம் படித்தவன், விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு சரி.

வாவிக்கரையான்:
சூரிய குடும்பம் செய்யச் சொல்லுங்க அண்ணன். நாலு பந்து, கொஞ்சம் கம்பி, கறுப்பு மட்டை, வேலை முடிஞ்சுது. எரிமலைக்கு அடுத்தபடி அதுதான் மண்டபத்தில் கூட்டம். பகிடிக்குத்தான், கோவிக்காதீங்க.

பென்சன் வாத்தியார்:
தம்பி, நடுவர் மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எரிமலை, சூரிய குடும்பம், துடிக்கிற இதயம் எல்லாம் மாதிரி உருக்கள். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் பரிசோதனை அல்ல. பரிசோதனை என்றால், செய்கிற பிள்ளைக்கே விடை தெரியாத ஒரு கேள்வி முதலில் இருக்க வேண்டும். அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, வருகிற மாற்றத்தை ஏதாவது ஒன்றால் அளக்க வேண்டும். எதை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய், திருப்பிச் செய்தபோதும் அதே விடை வந்ததா என்றுதான் நான் கேட்பேன். இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்கிற பிள்ளையின் மேசையில் வெறும் ஜாம் போத்தல் இருந்தாலும் எனக்குக் காணும்.

அவள் எரிமலையை விடவே மாட்டேன் என்றால் அதையே பரிசோதனையாக்கலாம். மலையைத் தூக்கிப் போடுங்கள். ஒரு போத்தலில் 100 மில்லிலீற்றர் வினாகிரி, பலூனுக்குள் அப்பச்சோடா. பலூனைப் போத்தல் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டும், காபனீரொட்சைட்டு வந்து பலூன் ஊதும். வினாகிரி அளவை மாற்றாமல், சோடாவை அரைத் தேக்கரண்டியில் தொடங்கி மூன்று வரை கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் பலூனின் சுற்றளவை நூலால் அளக்கட்டும். ஓரளவுக்கு மேல் எவ்வளவு சோடா கொட்டினாலும் பலூன் பெருக்காது. 5 வீத வினாகிரி 100 மில்லிலீற்றருக்கு 7 கிராம் சோடா கிட்டத்தட்டப் போதும், அதற்கு மேல் போட்டது வாயு தராமல் மிஞ்சிக் கிடக்கும். பலூன் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று அவள் சொன்னால் அது எட்டாம் வகுப்புக்கு மேலேயே போய்விட்ட விஞ்ஞானம்.

தரம் 10 பொடியன்:
அதை விட மாஸ் ஒண்டு இருக்கு. அலுமினியத் தாளும் கோஸ்ரிக் சோடாவும் போத்தலுக்குள் போட்டால் பலூன் ஊதி மேலே பறக்கும். யூரியூப்பில் பார்த்தேன்.

பென்சன் வாத்தியார்:
மகன், அது வேண்டவே வேண்டாம். வருவது ஐதரசன், ஒரு பொறி போதும். கரைசல் தானாகவே சூடேறிக் கொதிக்கும், போத்தல் உருகும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். சுவர்ப் பிளக்கில் வயரைச் செருகிச் செய்கிற எதுவும் அப்படித்தான், 230 வோல்ற் விளையாட்டுச் சாமான் இல்லை. உனக்கு வேறு ஏதாவது பார்ப்போம், நில்.

சம்மாந்துறை வயல்காரன்:
தம்பி, எங்கள் வயல் வேலையிலேயே ஒரு பரிசோதனை கிடக்கிறது. விதை நெல்லைத் தெரிவு செய்ய ஒரு வாளித் தண்ணியில் பச்சை முட்டையைப் போடுவோம், அது அடியில் போய்க் கிடக்கும். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும்பி, காசளவுக்கு மேலே தெரியும். அப்போது முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும், நிறைமணி தாழும். தாழ்ந்ததை உடனே நல்ல தண்ணியில் நன்றாக அலசிவிட வேண்டும், உப்பு ஒட்டிக்கிடந்தால் முளைப்பு கெட்டுவிடும்.

பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்றால், மிதந்தது, தாழ்ந்தது, பிரிக்காமல் எடுத்தது என்று மூன்று கூட்டம் வைத்து, ஒவ்வொன்றிலும் 50 மணி எண்ணி, ஈரச்சாக்கில் முளைக்கப் போட்டு, எந்தக் கூட்டத்தில் எத்தனை முளைத்தது என்று தினமும் எழுதலாம். மிதந்ததையும் அலச வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காததற்குக் காரணம் பதரா உப்பா என்று தெரியாமல் போகும். பெரிய செலவில்லை. எனக்கும் விடை பார்க்க ஆசைதான், ஏனென்றால் இந்த வேலை மினக்கேடு என்று சொல்லி விட்டுவிட்டவர்கள் எங்கள் வயற்கண்டத்திலேயே நிறையப் பேர்.

களுவாஞ்சிக்குடி மாமா:
காக்கா, நல்ல யோசனை, மிச்சம் நன்றி. இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டை என்றதும் அவள் கேட்டது வேறு: பட்டிருப்புப் பாலத்தடி மட்டக்களப்பு வாவித் தண்ணியில் முட்டை மிதக்குமா, கடல் தண்ணியில் மிதக்குமா? அதையே செயற்றிட்டமாக்க முடியுமா?

ஒலுவில்காரன்:
கேள்வி அருமை. ஆனால் முட்டையால் அது நடக்காது. புது முட்டையின் அடர்த்தி தண்ணியைப் போல் 1.08 மடங்கு அளவில் இருக்கும், கடல் தண்ணி 1.025 தான். அதனால் புது முட்டை கடலிலும் தாழும், வாவியிலும் தாழும். முட்டை மிதக்க ஒரு லீற்றருக்கு 120 முதல் 140 கிராம் உப்பு வேண்டும், கடலில் இருப்பதோ 35 கிராம் அளவு. கடல் தண்ணியில் மிதந்தால் அந்த முட்டையை வாங்கிய கடையைப் போய் விசாரிக்க வேண்டியதுதான், பழசாகப் பழசாக உள்ளே காற்றறை பெருத்து முட்டை இலேசாகிவிடும்.

முட்டைக்குப் பதிலாக அவளே ஒரு மிதவை செய்யட்டும். இணையத்தில் வெறும் ஸ்ரோவின் அடியில் களிமண் ஒட்டி மிதக்கவிடச் சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். 10 சென்ரிமீற்றர் தாழ்கிற ஸ்ரோ, நல்ல தண்ணிக்கும் கடல் தண்ணிக்கும் இடையில் இரண்டரை மில்லிமீற்றர்தான் அசையும், கண்ணுக்கே பிடிபடாது. அடியில் பருத்த உடம்பும் மேலே மெலிந்த கழுத்தும் வேண்டும். 20 மில்லிலீற்றர் அளவுள்ள சின்ன மருந்துப் போத்தல் ஒன்று எடுங்கள். மூடியில் ஸ்ரோ இறுக்கமாகப் போகிற மாதிரி ஓட்டை போட்டு, ஸ்ரோவைச் செருகி, சுற்றிவரப் பசை வைத்து அடையுங்கள். போத்தலுக்குள் காய்ந்த கடல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள், நல்ல தண்ணியில் விட்டால் போத்தல் முழுதும் தாழ்ந்து ஸ்ரோவில் ஒரு விரற்கடை மட்டும் மேலே நிற்க வேண்டும். ஸ்ரோவின் மேல் வாயை மெழுகால் அடைத்துவிடுங்கள். இப்போது அதே மிதவையைக் கடல் தண்ணியில் விட்டால் கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர் எழும்பும், தடித்த ஸ்ரோ என்றால் அதை விடக் குறையும். இந்த மாதிரி அளவியை நீரமானி (hydrometer) என்று பிறகு பெரிய வகுப்பில் படிப்பாள்.

வாவிக்கரையான்:
அளவி சரி, கோடு எப்படிப் போடுறது? வீட்டில் தராசு இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது?

ஒலுவில்காரன்:
தராசு தேவையில்லை மச்சான். 400 கிராம் உப்புப் பைக்கற் ஒன்றை வாளியில் கரைத்து, மொத்தம் 10 லீற்றர் வரும்வரை தண்ணி ஊற்றினால் லீற்றருக்கு 40 கிராம். அதில் ஒரு கோப்பையும் நல்ல தண்ணி ஒரு கோப்பையும் கலந்தால் 20. அதையும் அப்படியே பாதியாக்கினால் 10. நல்ல தண்ணி 0. ஒவ்வொன்றிலும் மிதவையை விட்டு, தண்ணி மட்டம் நிற்கிற இடத்தில் ஸ்ரோவில் பேனையால் கோடு. இடையில் உள்ளதை ரூளரால் பிரித்துக்கொள்ளலாம். எல்லாத் தண்ணியும் ஒரே நிழலில் இருந்து ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளக்க வேண்டும், வெயிலில் கிடந்த தண்ணி இலேசாக இருக்கும், அளவி ஏமாந்துவிடும். மிதவை பாத்திரச் சுவரில் ஒட்டாமல் பார்த்து, கண்ணைத் தண்ணி மட்டத்துக்கு இறக்கி வாசிக்க வேண்டும்.

வாவிக்கரையான்:
அப்ப ஒண்டு, இது பகிடி இல்லை. வாவி எல்லா இடத்திலும் ஒரே உப்பு இல்லை. வடக்கே பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொரு வாய். வாய் வெட்டுப்பட்டுக் கடல் உள்ளே வருகிற காலம் வேறு, மண் மூடிக் கிடக்கிற காலம் வேறு. மாரி மழைக்குப் படுவான்கரை வெள்ளமெல்லாம் இறங்கி வந்தால் உப்பு அப்படியே இறங்கும், வெயில் காலத்தில் ஏறும். முகத்துவாரம், கல்லடி, மண்முனை, பட்டிருப்பு என்று நாலு இடத்துத் தண்ணி எடுத்தால் ஒரு கோடே கீறலாம். ஆனால் பிள்ளையைத் தண்ணிக்குள் இறங்க விட வேண்டாம், வாவியில் முதலை இருக்கு. பாலத்தில் நின்றோ துறையில் நின்றோ கயிற்றில் வாளி கட்டி நீங்களே எடுத்துக் குடுங்க.

ஓட்டமாவடி உம்மா:
எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா பரிசு வேறு மாதிரி. மகன் போன முறை கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காத்தை அளந்தான். இரண்டு வெப்பமானி வாங்கினோம், ஒன்றின் குமிழில் பருத்தித் துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணிக் கோப்பைக்குள் விட்டான். இரண்டையும் நிழலில் காத்துப் படுகிற இடத்தில் தொங்கவிட்டு, காலையும் மத்தியானமும் இரண்டின் வித்தியாசத்தை எழுதினான். கடற்காத்து வீசும்போது வித்தியாசம் கொஞ்சம்தான், கச்சான் வீசத் தொடங்கினால் ஈரத் துணி வெப்பமானி விறுவிறு என்று கீழே போகும். வீட்டில் மண் முட்டித் தண்ணி கச்சானில்தான் ஆகக் குளிர்வது ஏன் என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். கடைசியில் முதலாம் பரிசு மினுங்கி மினுங்கி எரிகிற ஒரு நகரத்து மாதிரிக்கு. அது கடையில் காசு குடுத்துச் செய்வித்தது என்று முழு ஊருக்கும் தெரியும். பிள்ளை கொப்பியைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

பென்சன் வாத்தியார்:
தங்கச்சி, அந்த நடுவர் மேசையில் நான் இருந்திருந்தால் கொப்பியைத்தான் முதலில் கேட்டிருப்பேன். மினுங்குகிற பக்கம் சாய்கிற நடுவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிள்ளை செய்யக்கூடியது, கொப்பியை மூடி வைக்காமல் அதில் உள்ளதைப் பெரிய வரைபாகக் கீறி மேசைக்குப் பின்னால் தொங்கவிடுவது. அடுத்தது, வருகிறவர் கையால் தொட்டுச் செய்ய ஏதாவது வைப்பது. இரண்டு வெப்பமானியையும் கொண்டுவந்து வைத்து, ஒரு விசிறியை நடுவர் கையில் கொடுத்து "வீசிப் பாருங்க சேர்" என்றால் அந்த மனிதன் அந்த மேசையை மறக்க மாட்டான்.

மகன் செய்தது சின்ன விசயமும் இல்லை. மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிறது. ஈரத்தை இழந்த காற்று ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 10 பாகை அளவு சூடேறும். அதுதான் கச்சான். புத்தகத்தில் அல்ப்ஸ் மலைக் காற்றைப் படிக்கிற பிள்ளைக்கு அதன் உடன்பிறப்பு வீட்டு முற்றத்தில் வீசுகிறது. அடுத்த தரத்தில் அதையே இன்னும் நீட்டிச் செய்யட்டும். வெப்பமானி வாங்கும்போது காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம், அது 35 பாகைக்குக் கீழே காட்டாது, ஆய்வுகூடத்து அற்ககோல் வெப்பமானியாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 9 அளவில் மட்டக்களப்பில் நண்பகல் 12.05 போல நட்டுவைத்த தடிக்கு நிழலே இருக்காது, செப்டெம்பர் முதல் வாரத்திலும் ஒருமுறை அப்படி வரும். புதுவருச லீவுக்குக் கிட்ட வருவதால் வீட்டில் இருந்தே பார்க்கலாம். ஒரு செங்குத்துத் தடியும் பென்சிலும் போதும்.

காத்தான்குடி மோட்டர் கட்டுறவன்:
ஸலாம். நான் மோட்டர் திருப்பிக் கட்டுற கடை வைத்திருக்கிறேன், கண்காட்சி சீசன் வந்தால் பிள்ளைகள் செப்புக் கம்பி கேட்டு வந்துவிடுவார்கள். மிச்சக் கம்பி சும்மாவே கொடுப்பேன். எளிய மோட்டர் செய்கிறவர்கள் எல்லோரும் தடுக்குகிற இடம் ஒன்றுதான். ஒரு பற்றரி, இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கர் காந்தம், கம்பிச் சுருள், எல்லாம் சரியாக இருக்கும், சுருள் இரண்டு ஆட்டு ஆடிவிட்டு நின்றுவிடும். கம்பியில் வார்னிஷ் பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டினால்தான் கரண்ட் போகும். பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் முழுதாகச் சுரண்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் முதல் அரைச்சுற்றில் தள்ளுகிற விசை அடுத்த அரைச்சுற்றில் திருப்பி இழுக்கும். ஒரு முனையைச் சுற்றிவரச் சுரண்டு, மற்ற முனையைச் சுருளை நிமிர்த்திப் பிடித்து மேல் பாதியை மட்டும் சுரண்டு. அடுத்த அரைச்சுற்றுக்குக் கரண்ட் நின்றுவிடும், சுருள் வந்த வேகத்திலேயே தாண்டிப் போகும். அவ்வளவுதான், சுழலும்.

இதையும் வாத்தியார் சேர் சொன்ன மாதிரிப் பரிசோதனையாக்கலாம். சுற்று எண்ணிக்கையை 10, 20, 30 என்று மாற்றிப் பார்க்கட்டும். கூடக்கூட வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நினைப்பார்கள், செய்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

தரம் 10 பொடியன்:
காந்தத்தை மட்டும் வைத்து, பற்றரியே இல்லாமல் ஃபேன் சுத்துற வீடியோ பார்த்திருக்கிறேன். அதைச் செய்யலாமா நானா?

காத்தான்குடி மோட்டர் கட்டுறவன்:
தம்பி, அது பொய். அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பற்றரி இருக்கும். அப்படி ஒன்று சுற்றுமென்றால் நான் ஏன் மாசம் மாசம் கரண்ட் பில் கட்டுகிறேன்?

ஒலுவில்காரன்:
உப்புத் தண்ணியில் மின்சாரம் என்று வருகிற வீடியோக்களும் பாதிக் கதைதான். உப்போ தேசிக்காயோ சக்தி தருவதில்லை, நாகம் என்கிற துத்தநாக உலோகம் கரைகிறது, அதில்தான் சக்தி வருகிறது. நாகம் பூசிய ஆணியும் செப்புக் கம்பியும் குத்திய ஒரு தேசிக்காய் 0.9 வோல்ற் அளவு தரும், ரோச் பல்ப் எரியவே எரியாது, கரண்ட் அவ்வளவு குறைவு. மூன்றைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.ஈ.டி மங்கலாக எரியும், இருட்டில் பார்க்க வேண்டும். பொடியா, நீ கடற்கரைப் பக்கமா வாவிப் பக்கமா?

தரம் 10 பொடியன்:
கல்லடி.

ஒலுவில்காரன்:
அப்போ உனக்கு வேலை வீட்டு வாசலிலேயே இருக்கு. வாவியில் பாடும் மீன் சத்தம் கேட்க ஆக்கள் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைப்பது தெரியும்தானே. தண்ணியில் ஒலி செக்கனுக்கு 1500 மீற்றர் அளவு போகும், காற்றில் 340 அளவு. தண்ணிக்குள் கிளம்புகிற சத்தத்தில் பெரும்பகுதி மேல் மட்டத்தில் பட்டுத் திரும்பிக் கீழேயே போய்விடும், துடுப்பு அதைப் பிடித்துக் காதுக்குக் கொண்டுவருகிறது. முதலில் ஒரு தண்ணித் தொட்டியில் இரண்டு கல்லை உள்ளே தட்டி, வெறும் காது, மரத்தடி, பிளாஸ்ரிக் குழாய், இரும்புக் கம்பி என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பார். போனில் ஃபைஃபொக்ஸ் என்ற செயலியை இறக்கு, ஜேர்மனியில் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாக விடுவது, போனின் மைக்கை வைத்தே ஒலியின் அளவையும் அதிர்வெண்ணையும் காட்டும். தடியின் நுனியை மைக்கில் தொட்டு வைத்தால் காது சொல்வதற்கும் போன் சொல்வதற்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம்.

பென்சன் வாத்தியார்:
ஒலி ஆராய்ச்சி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளைத் தமிழ்ப் புலவராக மட்டும் படிக்கிறோம். அவர் லண்டன் பி.எஸ்சி. பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர். யாழ் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்குப் போட்டே ஆராய்ந்தார். ஒரு பலகையில் தங்கூசி நூலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு சின்னக் கட்டையை நகர்த்தி நகர்த்தி மீட்டி, நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கிறதா என்று அதே செயலியில் பார்ப்பதும் நல்ல செயற்றிட்டம். சங்கீதம் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி மாமா:
எல்லோருக்கும் நன்றி, மிதவையையே பிடித்துக்கொண்டாள். மணல் போடுகிற வேலையில்தான் பொறுமை போனது, ஒரு சிட்டிகை கூடினால் முழுதும் தாழ்ந்துவிடும், குறைந்தால் போத்தலின் தோள் மேலே வந்துவிடும். கடைசியில் சரிவந்தது. முகத்துவாரத் தண்ணியில் கடல் கோட்டுக்குக் கிட்ட நின்றது, பட்டிருப்பில் நன்றாகத் தாழ்ந்தது. மண்முனைத் தண்ணி இரண்டுக்கும் இடையில். வரைபும் கீறிவிட்டாள், கிடை அச்சில் முகத்துவாரத்திலிருந்து தூரம், நிலைக்குத்து அச்சில் உப்பு. இப்போது அவளுடைய சந்தேகம்: எங்கள் கிணற்றுத் தண்ணி வாயில் வைத்தால் உவர்க்கிறது, மிதவை நல்ல தண்ணிக் கோட்டிலேயே நிற்கிறது. மிதவை பிழையா?

ஒலுவில்காரன்:
மிதவை சரி. லீற்றருக்கு 35 கிராமுக்கு 18 மில்லிமீற்றர் என்றால் 2 கிராமுக்கு ஒரு மில்லிமீற்றர்தான், கோட்டின் தடிப்பே அவ்வளவு இருக்கும். நாக்குக்கு அதை விடக் குறைவாகவே தெரிந்துவிடும். கிணற்றுக்கு வேண்டுமென்றால் போத்தலைப் பெரிதாக்கி, ஸ்ரோவுக்குப் பதில் முடிந்த பேனையின் மைக்குழாயைக் கழுவிப் போடச் சொல்லுங்கள், கழுத்து மெலிய மெலிய அசைவு கூடும். இந்தக் கேள்வியை நடுவர் கேட்பதற்கு முன் அவளே சொல்லட்டும்.

பென்சன் வாத்தியார்:
மாதிரித் தண்ணியை மூடி போட்ட போத்தலில் வைத்திருங்கள், திறந்து கிடந்தால் தண்ணி ஆவியாகி உப்பு ஏறிவிடும். எடுத்த இடமும் திகதியும் போத்தலிலேயே எழுதி ஒட்டுங்கள். மழைக்குப் பிறகு அதே இடங்களில் இன்னொரு தரம் எடுக்க முடிந்தால் அதே தாளில் இரண்டாம் கோடாகக் கீறட்டும், வேறு நிறப் பேனையால்.

தரம் 10 பொடியன்:
சேர், எனக்குத் துடுப்புத் தர எங்கட மாமா ஓம் என்றிட்டார். இரும்புக் கம்பி எத்தனை அடி எடுக்கிறது? மரத்தடியும் அதே நீளம் இருக்கணுமா?

பென்சன் வாத்தியார்:
எல்லாம் ஒரே நீளம், கிட்டத்தட்ட ஒரே தடிப்பு. நீளமும் மாறி, பொருளும் மாறினால் எதனால் சத்தம் கூடியது என்று உன்னால் சொல்ல முடியாது. நாலு அடி போதும். கம்பியின் நுனியைத் துணியால் சுற்றிக் காதுக்கு வெளியே எலும்பில் வை, காதுக்குள் விட வேண்டாம்.